மடக்குக் கத்தியா, மல்டி-டூலா?

மைசூர் தேவராஜா மார்க்கெட்டில் அரை மணி நேரம் நின்று கவனித்தால் போதும், ஒரு ஊரில் ஒரு நாளில் எவ்வளவு வெட்டுவேலை நடக்கிறது என்பது விளங்கிவிடும். பூக்கடைக்காரர் மல்லிகைச் சரத்தை முழம் போட்டு நூலை அறுக்கிறார். வாழையிலைக் கட்டின் கயிறு அறுபடுகிறது. வெல்லச் சாக்கின் வாய்த்தையல் பிரிகிறது. வாழைத்தாரிலிருந்து சீப்பு இறங்குகிறது. மாங்காய்க்காரர் காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தடவித் தருகிறார். இவற்றில் எதற்கும் திருப்புளி வேண்டாம், குறடு வேண்டாம். கூரான அலகு ஒன்று இருந்தால் ஆயிற்று.

அதே மைசூரிலிருந்து நஞ்சன்கூடு, குண்டலுப்பேட்டை வழியாக ஊட்டிக்குப் பைக்கில் போகிறவரின் தேவை வேறு. பந்திப்பூர் காட்டுக்குள் கண்ணாடியின் திருகாணி தளர்ந்து ஆடுகிறது. கிளட்ச் கேபிள் நழுவுகிறது. நம்பர் பிளேட் ஒரு திருகாணியில் தொங்குகிறது. கையிலிருக்கும் கத்தி எவ்வளவு கூராக இருந்தும் பயனில்லை. பிடிக்கக் குறடும் திருகத் திருப்புளியும் வேண்டும்.

கடைகளில் இவ்விரண்டையும் ஒரே கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி, ஒன்றின் பெரிய வடிவமே மற்றது என்பதுபோல் விற்கிறார்கள். வாங்குகிறவரும் உறுப்புகளை எண்ணிப் பார்த்து, அதிகம் உள்ளதை வாங்கிவிடுகிறார். ஆறு மாதத்தில் அது மேசை இழுப்பறைக்குள் போய்விடுகிறது. ஆகவே இந்த அத்தியாயத்தின் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: சட்டைப் பைக்கு மடக்குக் கத்தி, வண்டிப் பெட்டிக்கு மல்டி-டூல். இந்தத் தீர்ப்புக்கான காரணங்கள் உறுப்புகளின் எண்ணிக்கையில் இல்லை. எஃகிலும், மூட்டுகளிலும், நம் ஊர் மழையிலும் பலாப்பழத்திலும் இருக்கின்றன.

சிப்பாய்க்கு ஒன்று, பயணிக்கு ஒன்று

சுவிட்சர்லாந்தின் இபாக் என்ற ஊரில் கார்ல் எல்சனர் 1884-இல் கத்திப் பட்டறை தொடங்கினார். 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்கு மடக்குக் கத்தி செய்துகொடுத்தார். அலகு, துளையிடும் ஊசி, டப்பா திறப்பான், திருப்புளி என அதில் நான்கே உறுப்புகள். சிப்பாய்களுக்கு அப்போது வழங்கப்பட்ட புதிய துப்பாக்கியைக் கழற்றிப் பூட்டத் திருப்புளி தேவைப்பட்டது. தகர டப்பாவில் வந்த உணவைத் திறக்க மற்றொன்று. 1897 ஜூன் 12-ஆம் தேதி அவர் பதிவு செய்த அதிகாரிகள் கத்தியில்தான் பெரிய நுட்பம் இருக்கிறது. பிடியின் இருபுறமும் உள்ள உறுப்புகளை ஒரே ஸ்பிரிங் பட்டை தாங்கும்படி அமைத்தார். எடை அதிகம் கூடாமல் உறுப்புகள் கூடின. இன்று விக்டோரினாக்ஸ் பெயரில் விற்கும் மடக்குக் கத்திகள் அந்த அமைப்பின் வாரிசுகள்.

மல்டி-டூலின் கதை 1975-இல் தொடங்குகிறது. அமெரிக்கரான டிம் லெதர்மேன் மனைவியுடன் பழைய ஃபியட் காரில் ஐரோப்பாவைச் சுற்றினார். கார் மக்கர் செய்தது. மலிவு விடுதிகளில் குழாய்கள் ஒழுகின. சாரணர்கள் வைத்திருக்கும் மாதிரியான கத்தியால் அவரால் ரொட்டியை வெட்ட முடிந்தது, சின்னச் சின்னப் பழுதும் பார்க்க முடிந்தது. குறடு இல்லாத குறை மட்டும் தீரவில்லை. ஊர் திரும்பிக் குறட்டையே நடுவில் வைத்து ஒரு கருவியை உருவாக்கினார். 1980-இல் காப்புரிமை கிடைத்தது. 1983-இல் விற்பனைக்கு வந்தது. ஆண்டுக்கு 4,000 விற்றால் போதும் என்று எண்ணியிருந்த இடத்தில், 1984-இல் ஏறத்தாழ 30,000 விற்றன. வீட்டை விட்டு, பட்டறையை விட்டு வெகுதூரத்தில் பழுதாகி நிற்கிறவருக்காகப் பிறந்த கருவி அது.

எது முதலில் போகும்?

நீடித்து உழைப்பது என்ற பேச்சு வந்தால் அசையும் மூட்டுகளைத்தான் முதலில் எண்ண வேண்டும். குடகில் கொடவ ஆண்கள் சடங்கு நாட்களில் செலை என்ற இடுப்புக் கச்சையில் செருகும் பீச்செக்கத்தி என்ற குறுவாள் தலைமுறை தாண்டியும் கெடாமல் இருப்பதற்கு ஒரு காரணம், அதில் அசைகிற உறுப்பே கிடையாது என்பது. நம் வீட்டு அரிவாள்மனைக்கும் அதே பலம். மடக்குக் கத்தியில் ஒரு மூட்டு, ஒரு ஸ்பிரிங். சிலவற்றில் ஒரு பூட்டு. மல்டி-டூலில் குறட்டின் நடு ஆணி, இரு கைப்பிடிகளின் மூட்டுகள், உள்ளே மடங்கும் உறுப்புகளின் மூட்டுகள், பூட்டுகள். ஒவ்வொன்றும் தூசி தங்கும் இடம், ஈரம் தங்கும் இடம், தேயும் இடம்.

அதற்காக மல்டி-டூல் பலவீனமானது என்று சொல்லிவிட முடியாது. அதன் உடல் கனமான எஃகு. லெதர்மேன் நிறுவனம் 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறது. விக்டோரினாக்ஸ் தன் கத்தியின் எஃகிலும் செய்நேர்த்தியிலும் குறை இருந்தால் ஆயுள் முழுக்கப் பொறுப்பேற்கிறது. இரண்டு உத்தரவாதங்களிலும் ஒரு வரி பொது: தவறாகப் பயன்படுத்தி உடைந்ததற்கு நிறுவனம் பொறுப்பில்லை. உடைகிறவற்றில் பெரும்பாலானவை அந்த வரியில்தான் போய் விழுகின்றன.

கத்தியைத் தவறாகப் பயன்படுத்துவது என்றால் என்ன? பெயின்ட் டப்பாவின் மூடியை அலகின் நுனியால் நெம்புவது, திருகாணியை அலகால் திருகுவது, தேங்காய் மட்டையில் இறக்கிப் பக்கவாட்டில் முறுக்குவது. இவை ஏன் கூடாது என்பதை எஃகின் கடினமே சொல்லும். விக்டோரினாக்ஸ் தன் அலகை ராக்வெல் அளவில் 56 என்ற கடினத்துக்குப் பதப்படுத்துகிறது. அதே கத்தியில் உள்ள கத்தரிக்கோல் 53, திருப்புளி 52, ஸ்பிரிங் 49. கடினம் கூடினால் கூர் நிற்கும், ஆனால் வளைத்தால் பட்டென்று ஒடியும். கடினம் குறைந்தால் ஒடியாமல் தாங்கும். ஒரே உள்ளங்கை அளவுப் பொருளுக்குள் ஒவ்வொரு உறுப்பும் தன் வேலைக்கேற்பத் தனித்தனியாகப் பதம் பார்க்கப்பட்டிருக்கிறது. திருப்புளியின் வேலையை அலகுக்குக் கொடுத்தால் நுனி போவது தவிர வேறு வழியில்லை.

இளநீருக்கு மடக்குக் கத்தியை எடுக்கவே வேண்டாம். அது அரிவாளின் வேலை. மூட்டு ஆணி அந்த வீச்சைத் தாங்கும்படி செய்யப்படவில்லை; பூட்டில்லாத கத்தியாக இருந்தால் அலகு விரல்மேல் மடங்கும்.

மல்டி-டூலுக்கு வேறு விதமான ஆபத்து. அதன் குறட்டின் அடிப்பகுதியில் கம்பி வெட்டும் இடம் இருக்கிறது. செம்புக் கம்பி, அலுமினியக் கம்பி, வேலி கட்டும் மெல்லிய கம்பி வரை சிக்கல் இல்லை. மைசூர் வீணைக்குப் பேர்போன ஊர். வீணைக்குத் தந்தி மாற்றுகிறவர் எஃகுத் தந்தியை மல்டி-டூலால் நறுக்கினால், தந்தி அறுபடும். வெட்டும் வாயிலும் ஒரு பள்ளம் விழும். இசைக்கருவித் தந்திகள் மிகக் கடினமான எஃகு. பள்ளம் விழுந்த வாய் அதற்குப் பிறகு மெல்லிய வயரைக் கூட மென்று துப்பும். லெதர்மேனின் வேவ் பிளஸ் போன்ற மாதிரிகளில் இந்த வெட்டும் வாயை மட்டும் திருகாணி கழற்றி மாற்றிக்கொள்ளலாம். வாங்குகிறவர் கட்டாயம் பார்க்க வேண்டிய வசதி இது. மலிவு மாதிரிகளில் வாய் போனால் அந்தப் பகுதியே போனதுதான்.

மழையும் பாலும் புளிப்பும்

மைசூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. அங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டரில் இருக்கும் மடிக்கேரியில் 3,000 மில்லிமீட்டருக்கு மேல். வார இறுதியில் குடகுக்கோ வயநாட்டுக்கோ போய்வருகிற மைசூர்க்காரரின் கத்தி இரண்டு வெவ்வேறு தட்பவெப்பத்தில் வாழ்கிறது.

கத்தி எஃகில் இரண்டு பெரும் வகை. துருப்பிடிக்காத எஃகு ஒன்று. கார்பன் எஃகு மற்றொன்று. பிரான்சின் சவோய் பகுதியில் 1890 முதல் செய்யப்படும் ஓபினெல் கத்தி இரண்டு வகையிலும் கிடைக்கிறது. அதன் 8-ஆம் எண் கத்திக்கு 8.5 சென்டிமீட்டர் அலகு, மரப்பிடி, 50 கிராமுக்கும் குறைவான எடை. கையில் எடுத்தால் கீழே வைக்க மனம் வராது. கார்பன் அலகு கல்லில் நாலு இழுப்புக்கே மயிரிழைக் கூர் பெறும். ஆனால் மாங்காயோ எலுமிச்சையோ நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் அரை மணியில் கறுக்கும். நறுக்கிய துண்டிலும் இரும்பு வாடை ஏறும். மரப்பிடிக்கு வேறொரு பழக்கம்: குடகு மழையில் நனைந்தால் மரம் ஊதி, அலகு பிடிக்குள் இறுகிக்கொள்ளும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மலைப்பக்கம் போகிறவருக்குத் துருப்பிடிக்காத எஃகும், மரமில்லாத பிடியும் உத்தமம். அலுமினியப் பிடி போட்ட சுவிஸ் கத்திகள் இந்த வகையில் அலட்டிக்கொள்ளாமல் உழைக்கும்.

பலாப்பழம் மடக்குக் கத்திகளுக்குப் பரம எதிரி. பலாப்பால் மூட்டுக்குள் இறங்கிக் காய்ந்தால் அலகு திறக்காது, திறந்தால் மடங்காது. சுளையெடுக்க வேறு கத்தி இல்லையென்றால், முதலில் அலகிலும் மூட்டிலும் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். பால் ஒட்டிவிட்டால் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை. எண்ணெய் தோய்த்த துணியால் துடைத்து, பிறகு சோப்பு. மல்டி-டூலுக்குள் பலாப்பால் போனால் அந்தச் சுத்தம் ஒரு மாலைப்பொழுதைத் தின்னும். உணவு வெட்டும் வேலைக்கு மல்டி-டூல் ஏற்றதில்லை என்பதற்கு இதுவே போதுமான காரணம். இடுக்கு நிறைந்த உடம்பில் பழச்சாறும், நேற்றுச் சங்கிலியிலிருந்து ஏறிய கிரீஸும் ஒன்றாகக் குடியிருக்கும்.

வண்டிப் பெட்டிக்குள்

பந்திப்பூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலைகளில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. காட்டுப்பகுதியில் பகலிலும் வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்கக் கூடாது. மாலை நேரத்தில் சோதனைச்சாவடியை எட்டிவிட வேண்டிய பயணிக்குச் சின்னப் பழுதைச் சட்டென்று சரிசெய்யும் வசதி பெரிய உதவி. மல்டி-டூல் தன் விலைக்கு நியாயம் செய்யும் இடம் இதுதான். நழுவிய கேபிளைக் குறட்டால் இழுத்துப் பிடிக்கலாம், கம்பியால் தற்காலிகமாகக் கட்டி முறுக்கலாம், தொங்கும் தகட்டைத் திருகி நிறுத்தலாம், டயரில் ஏறிய ஆணியைப் பிடுங்கலாம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பைக்கின் அறுகோண நட்டுகளை மல்டி-டூல் குறட்டால் கழற்றக் கூடாது. குறட்டின் வாய் நட்டின் மூலைகளை உருட்டிவிடும். அதன் பிறகு மெக்கானிக்கின் சரியான ஸ்பானரும் பிடிக்காது. வண்டி வாங்கும்போது கூடவே வந்த டூல் கிட்டை வீட்டில் போட்டுவிடாமல் சீட்டுக்கு அடியிலேயே வைத்திருந்தால், மல்டி-டூல் தன் வேலையை மட்டும் செய்யும்.

இன்னொரு எச்சரிக்கை உயிர் சம்பந்தப்பட்டது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். மல்டி-டூலின் கைப்பிடி முழுக்க வெறும் எஃகு. காப்பு உறை கிடையாது. ஃபேன் ரெகுலேட்டரையோ சுவிட்ச் போர்டையோ அதை வைத்துத் தொடுவது கம்பியை விரலால் தொடுவதற்குச் சமம். மெயின் சுவிட்சை அணைத்த பிறகும், அந்த வேலைக்கு காப்பு உறை போட்ட கட்டிங் பிளேயரும் டெஸ்டரும்தான் சரி. தபாரியா போன்ற நம் நாட்டுத் தயாரிப்புகள் ஹார்டுவேர் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. வெளிநாட்டு மல்டி-டூலின் விலையில் சிறு பங்குதான் ஆகும். வீட்டுக்குள் செய்கிற பழுதுவேலைக்கு மல்டி-டூல் வாங்குவது வீண் செலவு என்பதே இந்நூலின் கருத்து. வீட்டில் தனித்தனிக் கருவிகளுக்கு இடம் இருக்கிறது. அவை ஒவ்வொன்றும் தன் வேலையை மல்டி-டூலைவிட நன்றாகச் செய்யும்.

எடையையும் சொல்ல வேண்டும். இரண்டு அலகும் திறப்பான்களும் கொண்ட விக்டோரினாக்ஸ் ஸ்பார்ட்டன் சுமார் 60 கிராம். லெதர்மேன் வேவ் பிளஸ் சுமார் 240 கிராம். முதலாவது பையில் இருப்பதே நினைவிருக்காது. இரண்டாவதை மெல்லிய பருத்திக் கால்சட்டையின் பையில் போட்டால் இடுப்பு ஒரு பக்கமாக இறங்கும். கூடவே இல்லாத கருவி அவசரத்துக்கு உதவாது. அன்றாடப் பயன் என்ற கணக்கில் கத்தி முந்துவதற்கு இந்த 180 கிராம் வித்தியாசமும் காரணம்.

சாணை

ராக்வெல் 56 என்ற கடினம் நம் ஊருக்கு நன்றாகப் பொருந்துகிறது. அந்த அளவு எஃகை ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண எண்ணெய்க் கல்லிலேயே தீட்டிவிடலாம். இதைவிடக் கடினமான விலையுயர்ந்த எஃகு போட்ட கத்திகள் நெடுநாள் கூர் காக்கும். மழுங்கிவிட்டாலோ வைரத்தூள் தகடு இல்லாமல் மீளாது. தெருவில் சைக்கிளை நிறுத்திப் பெடல் மிதித்துச் சாணை பிடிப்பவரிடம் அரிவாள்மனையும் சமையல் கத்தியும் கொடுப்பது நல்ல வழக்கம். சின்ன மடக்குக் கத்தியைக் கொடுப்பதானால் மெதுவாக, இடையிடையே தண்ணீரில் நனைத்துப் பிடிக்கச் சொல்ல வேண்டும். மெல்லிய அலகு சீக்கிரம் சூடேறும். விளிம்பில் நீலம் படர்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது. அதன்பின் எத்தனை தீட்டினாலும் அங்கே கூர் தங்காது.

வீட்டிலேயே தீட்டுவது கடினமில்லை. அலகைக் கல்மேல் படுக்க வைத்து, முதுகுப் பக்கத்தை 15 முதல் 20 பாகை வரை தூக்கி, கல்லின் மேலாகத் தோல் சீவுவதுபோல் முன்னே தள்ள வேண்டும். ஒரு பக்கம் நாலு, மறு பக்கம் நாலு என்று மாற்றி மாற்றி. பழைய செய்தித்தாளின் ஓரத்தைக் கிழியாமல் அறுத்தால் போதுமான கூர் வந்துவிட்டது.

ஆயுத பூஜையில் ஒரு மணி நேரம்

மைசூரில் மகாநவமியன்று அரண்மனையில் மன்னர் குடும்பத்தின் வாளுக்கும் யானைக்கும் குதிரைக்கும் வாகனங்களுக்கும் பூஜை நடக்கும். மறுநாள் விஜயதசமியில் ஜம்பு சவாரி என்ற யானை ஊர்வலம். மகாநவமி நாளில் தமிழர் வீடுகளிலும் பட்டறைகளிலும் கருவிகளைக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்து அடுக்குவார்கள். ஆண்டுக்கு ஒரு முறை கத்தியையும் மல்டி-டூலையும் முழுமையாகப் பராமரிக்க அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது.

எல்லா உறுப்புகளையும் திறந்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் முக்கி, பழைய பல்துலக்கியால் இடுக்குகளைத் தேய்க்க வேண்டும். தண்ணீருக்குள்ளேயே பலமுறை திறந்து மூடினால் உள்ளிருக்கும் மண்ணும் நூல்துணுக்கும் வெளியே வரும். நன்றாக உலர்ந்த பிறகு ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சொட்டு எண்ணெய். தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறையும். மார்கழி மாதத்து மைசூர்க் காலைகளில் குப்பியில் கட்டியாகிற அதே எண்ணெய் மூட்டுக்குள்ளும் கட்டியாகும். தையல் மெஷின் எண்ணெய் எங்கும் கிடைக்கிறது. மூட்டில் விட்டு, அலகில் படிந்ததைத் துடைத்துவிட்டால் போதும். பூஜை முடிந்ததும் சந்தனத்தையும் குங்குமத்தையும் மறுநாளே துடைத்துவிடுவது நல்லது. அருகில் வைத்த எலுமிச்சையின் சாறு கார்பன் எஃகில் பட்டு இரவு முழுக்க இருந்தால் அழியாத கறை விழும்.

சோதனைச்சாவடியும் சட்டமும்

2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகிய பயன்களுக்கான கத்திகள் அதில் சேரா. மூன்று அங்குல மடக்குக் கத்தி இந்த வரம்புக்கு மிகக் கீழே இருக்கிறது. ஆனாலும் தசரா போன்ற பெருங்கூட்டத்துக்குள் கத்தியை எடுத்துப் போகாமலிருப்பதே புத்திசாலித்தனம். சோதனையில் காவலருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க நேரும். இந்திப் படங்களால் பேர்பெற்ற ராம்பூரி போன்ற நீள அலகுக் கத்திகளும், பட்டனைத் தட்டினால் பாய்கிற கத்திகளும் அன்றாட வேலைக்கு உதவா. சந்தேகத்தை மட்டும் கொண்டுவரும். விமானத்தில் கைப்பையில் கத்தியும் கூடாது, கத்தி உள்ள மல்டி-டூலும் கூடாது. மண்டகள்ளி விமான நிலையத்துக்குப் போகும் முன் சாவிக்கொத்தைப் பார்த்துவிடுங்கள். அதில் தொங்கும் குட்டிக் கத்திக்கும் அதே விதிதான்.

எதை வாங்குவது?

விடுதியில் தங்கிப் படிக்கும் மாணவருக்கும், மார்க்கெட்டுக்குப் போய்வரும் இல்லத்தரசிக்கும், ரயிலில் பழம் நறுக்கிச் சாப்பிடும் பயணிக்கும் இரண்டு அலகும் ஒரு கத்தரிக்கோலும் உள்ள சின்னக் கத்தி தாராளம். உறுப்புகள் கூடக்கூடப் பிடி பருத்து, அலகைப் பிடித்து வெட்டும் சுகம் குறையும். ஊர் ஊராகப் பைக்கில் சுற்றுகிறவரும், மேடையில் ஒலி-ஒளி வேலை செய்கிறவரும், எஸ்டேட் வேலிகளைக் கவனிக்கிறவரும் மல்டி-டூலுக்குச் செலவிடலாம்; அவர்களுக்கு அது பணத்தை மீட்டுத்தரும். வாங்கும்போது குறட்டை வெளிச்சத்துக்கு எதிரே மூடிப் பார்க்க வேண்டும்: இரு வாய்களும் நுனிவரை ஒட்டி மூட வேண்டும், மூட்டு பக்கவாட்டில் ஆடக் கூடாது. சுவிஸ் கத்தியாக இருந்தால் அலகின் அடியில் பெயர் தெளிவாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள், போலிகள் ஏராளம். பில்லைப் பத்திரப்படுத்துங்கள், உத்தரவாதத்தைக் கேட்டுப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

ஒன்றுக்கு மட்டுமே பணம் இருக்கிறது என்றால் மடக்குக் கத்தியை வாங்குங்கள். மல்டி-டூலுக்கு ஆகும் தொகையில் மிஞ்சுவதைக் கொண்டு காப்பு உறை போட்ட கட்டிங் பிளேயர் ஒன்றும், தட்டை முனையும் நட்சத்திர முனையுமாக இரண்டு திருப்புளியும், ஒரு எண்ணெய்க் கல்லும் வாங்கி வீட்டில் வையுங்கள்.